இருட்டில் சைக்கிள்: லைட் வாங்குவதும் சோதித்துப் பார்ப்பதும், சில கேள்விகளும் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு சேலம் அஸ்தம்பட்டியில் கூடி ஏற்காடு ஏறுகிற எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கியரைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து லைட்டைப் பற்றி. ஒரே பதிலைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நம்மூரில் பைக் என்றால் பெட்ரோல் போடுவது. இங்கே பேச்சு மிதிக்கிற சைக்கிளைப் பற்றி மட்டும்.

ஊருக்குள்தானே ஓட்டுகிறேன், தெருவிளக்கு இருக்கிறதே. லைட் வேண்டுமா?

வேண்டும். தெருவிளக்கில் உங்களுக்குச் சாலை தெரியும். பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு நீங்கள் தெரிவீர்களா என்பதுதான் கேள்வி. ஐந்து ரோடு மேம்பாலத்துக்கு அடியில் ராத்திரி எட்டு மணிக்கு நின்று பாருங்கள். கடை விளக்கு, கார் விளக்கு, தூண்களின் நிழல் எல்லாம் கலந்து கிடக்கும். லைட் இல்லாத சைக்கிள் அதற்குள் புகுந்தால் அதுவும் இன்னொரு நிழல்தான்.

லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார் என்று அப்பா தன் காலத்துக் கதையைச் சொல்வார். அந்தப் பயம் போனதும் சைக்கிளிலிருந்து லைட்டும் போய்விட்டது என்பது அவர் கட்சி.

ஊருக்குள் என்றால் முன்னால் 100 முதல் 200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வரை ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று. அவ்வளவு போதும்.

லூமன், லக்ஸ் என்று என்னென்னமோ போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

வாசல் தெளிக்கிற ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பிலிருந்து மொத்தம் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது லூமன். வாசலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தெருக்கோடி வரை பாயும், விட்டால் காலடியில் கொட்டும். லைட்டுக்குள் இருக்கிற லென்ஸும் ரிஃப்ளெக்டரும் செய்வது அந்தக் கட்டைவிரல் வேலை. அதனால்தான் லென்ஸ் நன்றாக அமைந்த 300 லூமன் லைட், வெளிச்சத்தை மரக்கிளைக்கும் கழனிக்கும் வாரி இறைக்கிற 800 லூமன் லைட்டைவிடச் சாலையைத் தெளிவாகக் காட்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். 10 மீட்டரில் 40 லக்ஸ் விழுந்தால் 20 மீட்டரில் 10 லக்ஸ், 40 மீட்டரில் வெறும் இரண்டரை. அதாவது இரண்டு மடங்கு தூரம் அதே அளவு தெரிய வேண்டுமென்றால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். 400 லூமனை விற்றுவிட்டு 800 வாங்கினவர்கள் "பெரிசா வித்தியாசம் தெரியலையே" என்று சொல்வது இதனால்தான்.

டார்ச் பெட்டிகளில் "200 மீட்டர் பாயும்" என்று இருக்கும். எஃப்.எல். 1 என்ற அமெரிக்கத் தர அளவுப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம் வரைக்கும் பாய்ச்சல் கணக்கு. 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். 200 மீட்டரில் நிலா வெளிச்சம் கிடைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அதன்படி 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், மேல்பக்கம் எதிரே வருகிறவர் கண்ணில் படாதபடி வெளிச்சத்தை வெட்டியிருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி முத்திரை பெற்ற லைட் கிடைத்தால் லூமன் குறைவாக இருக்கிறதே என்று யோசிக்காமல் வாங்கலாம்.

2000 லூமன், நான்கு மணி நேரம், கைக்கு அடக்கமான லைட், விலையும் கம்மி. வாங்கலாமா?

அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். இந்த லைட்டுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயர் வந்ததே அப்படித்தான். நல்ல செல்லில் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை தாங்கும், 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைத்தால் தேவலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 லூமனுக்கு 10 வாட். அப்படியானால் ஒரு செல் 1000 லூமனை ஒன்றேகால் மணி நேரம் கொடுக்கும், அதுவும் சூட்டில் போகிற இழப்பைக் கழிக்காமல். 2000 லூமனை நான்கு மணி நேரம் கொடுக்க அதே கணக்கில் 80 வாட் மணி வேண்டும். ஆறேழு செல். கைக்குள் அடங்குமா?

செல்லின் மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் கணக்கே தேவையில்லை. அந்த அளவு செல்லில் அவ்வளவு யாராலும் அடைக்க முடியாது.

வாங்கி வந்ததும் வீட்டில் என்ன சோதனை செய்வது?

முதலில் எவ்வளவு நேரம் எரிகிறது என்று பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு டிசம்பரில் மதியம் மேலே போய், ஏரிக்கரையில் டீயும் பேச்சுமாக நேரம் போனதே தெரியாமல், ஆறரைக்கு இறங்க ஆரம்பித்தோம். "மூன்று மணி நேரம்" என்று பெட்டியில் போட்டிருந்த என் லைட் மலைப்பாதையில் 60 அடி பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, பாட்டரி தீரப்போகிறது என்று சிவப்புப் பொட்டைக் காட்டியது. அடுத்த வளைவுக்குள் அணைந்தது. எரிந்தது ஐம்பது நிமிஷம் இருக்கும். மீதித் தூரம் நண்பரின் பின்லைட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவர் பிரேக் பிடித்தால் நான் பிடித்தேன், அவர் குழியில் இறங்கினால் நானும் இறங்கினேன்.

ஆகவே முழுக்க சார்ஜ் போட்டு, ஓர் அறையை இருட்டாக்கி, லைட்டை ஒரு மேஜையில் சுவரைப் பார்த்து வையுங்கள். டேபிள் ஃபேன் அதன் மேல் படும்படி ஓட வேண்டும். இது முக்கியம். இந்த லைட்டுகள் ஓட்டுகிறபோது படுகிற காற்றை நம்பித்தான் செய்யப்பட்டவை. காற்று இல்லாவிட்டால் சூடேறித் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, போனை நகராமல் ஓரிடத்தில் சாய்த்து வையுங்கள். முதல் பத்து நிமிஷம் நிமிஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து வாருங்கள். அந்த ஆப் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஒரு போனுக்கும் இன்னொரு போனுக்கும் ஒத்துப்போகாது. ஆனால் அதே போன், அதே இடம் என்றால் கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சரியாகச் சொல்லிவிடும்.

நல்ல லைட் என்றால் ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் எச்சரிக்கை கொடுத்துக் குறைந்த வெளிச்சத்துக்கு மாறும். மோசமான லைட் முதல் நிமிஷத்திலிருந்து படிப்படியாக மங்கிக்கொண்டே போகும். நம் கண் அதற்கேற்பப் பழகிவிடுவதால் ஓட்டுகிறபோது தெரியாது. குழிக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும். பெட்டியில் போடுகிற நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஃப்.எல். 1 கணக்கில், வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகிறவரை "எரிகிற நேரம்"தான். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கொண்டை ஊசி வளைவில் இறங்குவீர்களா? நான் பாதியாகிற நேரத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் லைட்டை ஹேண்டில்பாரில் மாட்டி, தெருவில் இருக்கிற வேகத்தடை மேல் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். முகம் கவிழ்ந்துவிட்டால் ரப்பர் பட்டையை இறுக்குங்கள், அல்லது பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் சுற்றுங்கள். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

சாலையில் எப்படிச் சோதிப்பது?

சாக்கை வைத்து. விளையாட்டில்லை. எங்கள் கூட்டத்தில் புது லைட் யார் வாங்கினாலும் இந்தச் சோதனையில் தேற வேண்டும்.

தெருவிளக்கு இல்லாத, வண்டி வராத, நேரான ஒரு தார் ரோட்டைத் தேடிப் பிடியுங்கள். பழைய சணல் சாக்கு ஒன்று, செங்கல் ஒன்று, காய்ந்த தென்னை மட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நம் சாலையில் ராத்திரி கிடக்கிறவைதான். காலடியால் அளந்து 10, 20, 30, 40 மீட்டரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். நண்பர் பொருளை ஏதாவது ஒரு கோட்டில் வைக்கட்டும், எங்கே என்று சொல்லக் கூடாது. நீங்கள் இருட்டில் கால்மணி நேரமாவது நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, போனை எடுத்துப் பார்க்காமல், லைட்டைப் போட்டு மெதுவாக ஓட்டி வாருங்கள். என்னவென்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். "ஏதோ இருக்கு" என்பது கணக்கில் வராது, "மட்டை, வலப்பக்கம்" என்று சொல்ல வேண்டும்.

இப்போது அந்தத் தூரத்தை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரில் நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறீர்கள். பார்த்து, புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால் பத்து மீட்டர் போய்விடும், நிற்க இன்னும் ஆறு மீட்டர். மொத்தம் 16. மணிக்கு 40 கிலோமீட்டரில் அதே கணக்கு 32 மீட்டருக்குப் போகும். இறக்கத்திலும் ஈரத்திலும் இன்னும் கூடும். சாக்கு உங்களுக்கு 20 மீட்டரில்தான் தெரிகிறது என்றால், அந்த லைட்டோடு நீங்கள் 40-இல் இறங்கக் கூடாது. லைட்டை மாற்றுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். இரண்டாவதற்குக் காசு செலவில்லை.

செங்கல்லைவிடச் சாக்கு ஏன் என்று கேட்பார்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு. கறுத்த பழுப்பு நிற உடம்பு வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். முதலில் தெரிவது முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டது மாதிரி இருக்கிற வெள்ளைதான், அதுவும் தலையைத் திருப்பினால் மின்னுகிற இரண்டு கண்ணும். ஒருமுறை காப்பித் தோட்ட ஓரத்தில் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் நிற்பதைப் பார்த்து நின்றேன். உடம்பு கண்ணுக்குத் தெரிய இன்னும் சில நொடி ஆயிற்று. சாக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் வெள்ளைப் பெயின்ட் அடித்த கல்லை வைத்துச் சோதிப்பதைவிட எவ்வளவோ மேல். காட்டெருமையைக் கண்டால் லைட்டை அதன் முகத்தில் அடிக்காமல் தாழ்த்தி, தள்ளி நின்று, அதுவாகப் போகிறவரை காத்திருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஒன்றுமே தெரிவதில்லையே?

தெரியாது. லைட் ஹேண்டில்பாரில் இருக்கிறது, நீங்கள் போகப்போவது பக்கவாட்டில். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி. இறங்கும்போது ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நேரே போய்த் தடுப்புச் சுவரிலோ அதற்கு அப்பால் பள்ளத்திலோ விழும், திரும்ப வேண்டிய சாலை கறுப்பாகவே இருக்கும். எவ்வளவு லூமன் கூட்டினாலும் சுவர்தான் பளிச்சென்று தெரியும்.

இதற்கு மருந்து ஹெல்மெட்டில் ஒரு சின்ன லைட். 200 லூமன் போதும், எடை குறைவாக இருக்க வேண்டும். தலை திரும்பிய பக்கம் வெளிச்சம் திரும்பும், வளைவு முடிகிற இடத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். பஞ்சர் ஒட்டவும் உதவும். ஆனால் ஹெல்மெட் லைட்டை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் குழியின் நிழல் உங்களுக்குத் தெரியாது, சாலை தட்டையாகத் தோன்றும். கீழே ஹேண்டில்பாரிலிருந்து வருகிற வெளிச்சம்தான் குழிக்கு நிழல் கொடுத்துக் காட்டிக்கொடுக்கும். எதிரே ஆள் வந்தால் அவரைப் பார்த்துத் தலையாட்டி வணக்கம் வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், நேராகக் கண்ணில் அடிக்கும்.

மலையில் பனிமூட்டம் இறங்கினால்?

வெளிச்சத்தைக் குறையுங்கள். கூட்டினால் வெள்ளைச் சுவர்தான் எதிரே எழும். பனித்துளிகள் உங்கள் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. ஹெல்மெட் லைட் கண்ணருகே இருப்பதால் அதுதான் முதல் எதிரி, அதை அணைத்துவிடுங்கள். ஹேண்டில்பார் லைட்டைக் கீழ்மட்டத்துக்கு மாற்றி, முகத்தைத் தரைப்பக்கம் தாழ்த்தி, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். பின்லைட்டை மட்டும் முழு அளவில் எரிய விடுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மேலே போகிறவர்கள் இதை ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

பின்லைட் மினுக்க வேண்டுமா, நிலையாக எரிய வேண்டுமா?

மினுக்கினால் சட்டென்று கண்ணில் படும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருகிறவரால் கணிக்க முடியாது. நான் இரண்டு மாட்டுகிறேன்: சீட்டுக்கடியில் நிலையாக ஒன்று, ஹெல்மெட்டின் பின்பக்கம் மினுக்குகிற ஒன்று. ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். பின்லைட் அணைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது என்பதால் இந்த இரண்டாவது வெறும் ஆடம்பரமில்லை.

சோதனை சுலபம். சைக்கிளை நிறுத்தி நண்பரை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, நூறு மீட்டர் பின்னால் போய்க் குந்தி உட்காருங்கள், கார் டிரைவரின் கண் உயரத்துக்கு. எங்கள் கூட்டத்தில் இப்படிப் பார்த்தபோது ஒருவருக்கு லைட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொருவருக்குத் தொளதொள சட்டை மூடியிருந்தது. மூன்றாமவருக்குக் கேரியரில் கட்டிய பை. மூவரும் பல மாதமாக அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, போதாதா?

வேறு ஒருவர் வெளிச்சம் அதன் மேல் பட்டால்தான் அது மின்னும். பக்கத்துச் சந்திலிருந்து திரும்புகிற வண்டிக்கு அது தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆனாலும் கழற்றாதீர்கள், பாட்டரி தீர்ந்த அன்று அதுதான் துணை. மிதியில் இருக்கிற மஞ்சள் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் ஆடுவதால் "இது சைக்கிள்" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும்.

அந்தக் காலத்து டைனமோவைத் திரும்ப மாட்டலாமா?

டயரில் உரசுகிற பாட்டில் டைனமோ மழையில் வழுக்கும், மிதியும் கனக்கும். சக்கரத்தின் நடு அச்சிலேயே வருகிற ஹப் டைனமோ வேறு சாதி: 6 வோல்ட், 3 வாட், உரசல் இல்லை, சார்ஜ் கவலை இல்லை. நிறுத்தினாலும் சில நிமிஷம் எரிகிற மாதிரி லைட்டுகள் வருகின்றன. ஓமலூர் பக்கம் சமதரையில் ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஏற்காடு ஏற்றத்தில் மட்டும், மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வெளிச்சம் தள்ளாடும். அந்த வேகத்துக்கு அந்த வெளிச்சம் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

மழையில் நனையலாமா?

பெட்டியில் ஐ.பி.எக்ஸ். எண்ணைப் பாருங்கள். 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம். நமக்கு 4 குறைந்தபட்சம், ஐப்பசி மழைக்கு 6 இருந்தால் நிம்மதி. எந்த எண்ணானாலும் சார்ஜ் போடுகிற துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் அது செல்லுபடியாகும். அந்த மூடிதான் முதலில் கிழியும்.

எதிரே பஸ் ஹைபீமோடு வந்தால்?

விளக்கைப் பார்க்காதீர்கள், இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண்ணாவது இருட்டுப் பழக்கத்தோடு மிஞ்சும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற நீங்கள்தான் வழிவிட வேண்டும். உங்கள் லைட்டும் யார் கண்ணையாவது கூசச் செய்கிறதா என்று பார்க்க, லைட்டைப் போட்டு சைக்கிளை நண்பரிடம் கொடுத்துவிட்டு இருபது மீட்டர் முன்னால் போய் நின்று திரும்பிப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றினால் ஹேண்டில்பாரில் அதை ஒரு விரற்கடை தாழ்த்துங்கள்.

பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர சைக்கிள் பயணம் போக ஆசை. அதற்குத் தனி லைட்டா?

300 கிலோமீட்டருக்குக் கொடுக்கிற நேரம் 20 மணி, 400-க்கு 27 மணி. ஆகவே எப்படியும் இருட்டில் ஓட்டியாக வேண்டும். அங்கே 1000 லூமனுக்கு வேலையில்லை. 200, 250 லூமனில் ராத்திரி முழுக்க எரிவது, ஓடிக்கொண்டே பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்வது, இந்த இரண்டும் இருந்தால் போதும். சார்ஜ் ஏறும்போது எரியாத லைட்டுகளும் இருக்கின்றன, வாங்குமுன் கடையிலேயே வயரைக் குத்திப் பார்த்துவிடுங்கள். உதிரிக்கு இன்னொரு முன்லைட், இன்னொரு பின்லைட்.

செல்போன் டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டால்?

வீட்டுக்கு போன் செய்ய சார்ஜ் வேண்டாமா?

பல மாதம் எடுக்காமல் வைத்திருந்த லைட் எரியவில்லை. செத்துவிட்டதா?

லித்தியம் செல்லை முழுக்கத் தீர்த்துவிட்டு அலமாரியில் போட்டால் அப்படித்தான் ஆகும். பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் எடுத்து ஏற்றுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் நிறுத்தின காருக்குள் விட்டுவிடாதீர்கள். செல் உப்பியிருந்தாலோ, சார்ஜில் தொடமுடியாத அளவு சுட்டாலோ அதைத் திரும்ப எழுப்பப் பார்க்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.